செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் வருகுதில்லை: இதற்குத் தமிழ் என்ன?

வெள்ளவத்தையிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய நாலு பக்கத் தாள் ஒன்று மேசையில் கிடக்கிறது. மாலை வகுப்பில் மோட்டார் திருத்தம் படிக்கும் பிள்ளைகளுக்கு. கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கிருந்து தேடுவது என்பதுதான் விஷயம்.

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். திறப்பைத் திருப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம், டாஷ்போட் விளக்கு மங்கும், எஞ்சின் அசையவே அசையாது. அல்லது எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் ஓட்டம் பிடிக்காது. முன்னது என்றால் பற்றரி, டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி, எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டர். பின்னது என்றால் பற்றரியை விட்டுவிட்டுப் பெற்றோலும் ஸ்பார்க்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முழுத் தாளும் இந்தப் பிரிப்பில்தான் நிற்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினை உண்டு. நான் இரண்டையும் 'தொடங்கவில்லை' என்று எழுதிவிட்டேன். போன கிழமை ஒரு பையன் அதை வாசித்துவிட்டு, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சினின் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தான். மீட்டர் 12.6 வோல்ற் காட்டியது. நிறைந்த பற்றரி. அவனில் பிழை இல்லை.

கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டரைச் செல்ஃப் என்பார்கள்; 'செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் வருகுதில்லை' என்றால் விஷயம் முடிந்தது. எனக்கு அதே பிரிப்பைச் சொல்லும் இரண்டு தமிழ் வினை வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, முதலில் 'உவோற்று' என்று எழுதிப் பழகவும். உ, ஊ, ஒ, ஓ நான்கோடும் வகரம் மொழிமுதலில் வராது என்கிறது தொல்காப்பியம். அதை மதித்துத்தான் நமது பழைய விஞ்ஞான நூல்களில் உகரத்தை முன்னே போட்டார்கள். சுவிட்சுக்கு ஆளி, பியூசுக்கு உருகி என்று படித்த தலைமுறை நாங்கள். ஒருவருக்கும் ஷொக் அடிக்கவில்லை.

உங்கள் வினை 'முடுக்கு'. தானாக அசையாததை வேறொன்று உந்தி விரையச் செய்வது. ஸ்டார்ட்டர் மோட்டருக்கு வேறென்ன வேலை? முடுகு தன்வினை, முடுக்கு பிறவினை. ஆகவே 'முடுகவில்லை', 'முடுகியும் தொடங்கவில்லை'. கலிப்பாவின் அராக உறுப்புக்கு முடுகியல் என்று ஒரு பெயர் உண்டு. குற்றெழுத்துகள் அடுக்கி ஓடும் அந்த நடையைக் காதால் கேட்டால் செல்ஃப் சுற்றுவது போலவே இருக்கும். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, எங்கள் பாடநூலில் முடுக்கம் என்றால் வேகம் கூடும் வீதம். முடுக்கி என்றால் காலால் மிதிப்பது. நீங்கள் முடுக்கச் சொன்னால் எங்கள் பையன் ஆக்சிலரேட்டரில் ஏறி நிற்பான். 'வண்டி கிளம்பல' என்று ஊரே சொல்கிறதே, அதில் என்ன குறை?

தெஹிவளையிலிருந்து, செவ்வாய் இரவு

சென்னை நண்பருக்கு: இங்கே அதற்கு ஆர்முடுகல் என்று தனிச்சொல் இருக்கிறது, வேகம் குறைந்தால் அமர்முடுகல். ஆனாலும் 'முடுகு' அங்கேயும் மாட்டிக்கொள்கிறது, எனவே ஐயாவின் சொல் இரண்டு கரையிலும் இடிக்கும். கிளம்பு என்பதை இங்கே மொழிபெயர்த்தால் வெளிக்கிடு. கார் வெளிக்கிடவில்லை என்றால், அது இன்னும் சேலை மாற்றிக்கொண்டு நிற்கிறது என்று என் அம்மம்மா சொல்லுவா.

சிங்களத்தில் எஞ்சினுக்குப் 'பண கன்வனவா' என்பார்கள், உயிரூட்டுவது. பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கப் போனால் நம் ஆட்களும் அதைத்தான் சொல்கிறார்கள். உயிர்ப்பி என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. தம்பியின் பிரிப்பு ஹைபிரிட் காருக்குச் சரிவராது. கொழும்பில் இன்று வேறென்ன ஓடுகிறது! பெரும்பாலும் அவற்றில் தனி ஸ்டார்ட்டர் மோட்டரே இல்லை. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சுற்றாமலே ஆயத்த விளக்கு எரியும். சின்ன 12 வோல்ற் பற்றரி செத்தால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் கண் திறக்காது. எது சுற்றுகிறது, எது சுற்றவில்லை என்று கேட்பீர்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து, புதன் காலை

உயிர்ப்பி வேண்டாம். பிறகு திருத்துநர் வைத்தியர் ஆவார், தாளின் தலைப்பு 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற 948ஆம் குறளுக்குப் போய்விடும். (உண்மையில் 'நோய்முதல் நாடல்' நல்ல தலைப்புத்தான்.)

பம்பலப்பிட்டியிலிருந்து, புதன் மாலை

நான் இலக்கணம் படிக்கவில்லை, கார் தள்ளியிருக்கிறேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் அப்பா கார்புரேட்டரில் நாலு துளி பெற்றோல் விடுவார். நாங்கள் பின்னால் தள்ள, அவர் கிளச்சை விடுவார். எஞ்சின் இரண்டு தரம் இருமும். 'பத்தீற்றுதா?' என்று உள்ளேயிருந்து கத்துவார். அந்த ஒரு சொல்லில் நெருப்புப் பற்றியதும் இருந்தது, பிடித்துக்கொண்டதும் இருந்தது. சுழலவில்லை, பற்றவில்லை. இவ்வளவுதான் என் பங்கு.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. 'பற்று' என்று வாசித்ததும் அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 'சுழலுது சேர், பத்தேல்லை, அப்ப பெற்றோலைப் பாக்கவேணும்' என்றான். எனக்கு அது போதும்.

தாளில் இப்படிப் போகிறது: சுழலாவிட்டால் முதல் பக்கம், சுழன்றும் பற்றாவிட்டால் மூன்றாம் பக்கம். சுழலும்போது பற்றரி 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் மறுபடி முதல் பக்கம். ஹைபிரிட்டுக்குத் தனிக் கட்டம் போட்டு 'ஆயத்தமாகவில்லை' என்று எழுதியிருக்கிறேன். தெஹிவளை அக்காவுக்கு அது திருப்தி இல்லை என்று தெரியும், எனக்கும் இல்லை. பக்கத்துக் காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணுவதற்குக் 'கைமாற்று' என்று நானே துணிந்து வைத்துவிட்டேன். வட்டியில்லாக் கடன்தானே.

பற்றரிக்கும் பற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தயவுசெய்து ஒருவரும் தொடங்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, வியாழன் நள்ளிரவு

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. முடுக்கு என்பதை அடைப்புக்குள்ளாவது போடவும். பற்றரி அல்ல, மின்கலவடுக்கு. 'பற்று அரி' என்று பிரித்தால் ஒரு பொருள் வரத்தான் செய்கிறது, நாளை எழுதுகிறேன்.