மபாம்பா சதுப்பில் விடியற்காலைப் படப்பிடிப்பு

உகாண்டாவில், காலணி போன்ற பெரிய அலகுள்ள ஷூபில் பறவையைப் படமெடுக்க விரும்புவோர் பெரும்பாலும் நாடிச் செல்லும் இடம், விக்டோரியா ஏரியின் வடகரையில் எண்டெபெ நகருக்கு மேற்கே இருக்கும் மபாம்பா சதுப்புநிலம். 2006-ஆம் ஆண்டு ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இந்தச் சதுப்பில், பாபிரஸ் கோரைகளுக்கு நடுவே ஓடும் குறுகிய கால்வாய்களில் மரப்படகில் அமர்ந்துதான் பறவைகளைத் தேட வேண்டும். அங்கு நான் படமெடுத்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது வெளிச்சத்தைப் பற்றித்தான். நிலநடுக்கோட்டுப் பகுதி என்பதால் சூரியன் சாய்வாக எழாமல் ஏறத்தாழ நேர்க்குத்தாக மேலேறிவிடுகிறது. நாம் ஆசைப்படும் இளமஞ்சள் ஒளி சிறிது நேரமே நீடிக்கிறது. ஆண்டு முழுவதும் 6.30 மணிக்கும் 7 மணிக்கும் இடையில்தான் பொழுது விடிகிறது என்பதால், அந்த நேரத்தில் படகில் இருப்பவருக்கே நல்ல படம் வாய்க்கும்.

ஏசி அறையிலிருந்து நேராக ஏரிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படியும் என்பதால் இரவில் ஏசியை அணைத்துவிட்டே படுத்தேன். ஆடும் படகில் முக்காலி பயன்படாது. சந்தையில் வாங்கிய ராஜ்மாவைத் துணிப்பையில் நிரப்பிப் படகின் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டேன். படகு தாழ்வாக இருப்பதால் பறவையின் கண்மட்டத்திலேயே படமெடுக்க முடிந்தது. கரையிலிருந்து இந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது.

முதலில் கிடைத்தது ஆப்பிரிக்க இலைக்கோழி. அல்லி இலைகளின்மேல் நீண்ட விரல்களை அகல விரித்து நடந்த ஒரு பறவையின் உடலுக்குக் கீழே, கூடுதலாகச் சில கால்கள் தொங்குவதை வியூஃபைண்டரில் பார்த்தபோது சற்றுத் திகைத்துப்போனேன். இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண் பறவையே. ஆபத்தை உணர்ந்தால் அது குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெளிச்சம் போதாததால் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்தி, ஷட்டரை 1/500 நொடியில் வைத்தேன். அதனால் படத்தில் புள்ளிகள் தெரிகின்றன என்றாலும், தொங்கும் அந்தக் கால்கள் துல்லியமாக விழுந்திருக்கின்றன. எனக்கு அது போதும்.

ஷூபில் வேறு வகை. ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள அந்தச் சாம்பல்நிறப் பறவை, கோரைகளின் ஓரத்தில் அலகை மார்போடு சாய்த்து அசையாமல் நின்றுகொண்டே இருக்கும். பின்னணியில் மூடுபனி வெளுத்திருந்ததால், உடல் கறுத்துப் போகாதிருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்டினேன். பொறுமை இழந்து கேமராவைத் தாழ்த்துகிறவருக்கு முக்கியமான கணம் நிச்சயம் தவறிவிடும், ஏனெனில் அது இரைமீது பாயும்போது இறக்கையை விரித்து மொத்த உடலோடும் முன்னால் விழுகிறது. எழுந்தபோது அலகு நிறையச் சேறும் செடிகொடிகளும். தலையை இருபுறமும் ஆட்டி அவற்றை உதறிய பின், நடுவே நெளிந்த நுரையீரல் மீனை விழுங்கியது. பாய்ச்சலைவிட அந்த உதறலே எனக்குப் பிடித்த படம்.

இந்தப் பறவையைக் கண்டால் வலையில் மீன் விழாது என்று மீனவர்கள் ஒருகாலத்தில் நம்பி, அதைக் கொன்றதும் உண்டு. இன்று அதைக் காட்டியே பலர் பிழைக்கிறார்கள். அதனால் வேறொரு சிக்கலும் வந்திருக்கிறது: ஒரு பறவை தென்பட்டால் எல்லாப் படகுகளும் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. எங்கள் படகோட்டி எஞ்சினைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளியே சென்றார். இன்னும் நெருங்கச் சொல்லி அவரை வற்புறுத்துவது முறையன்று என்பேன். 500 மி.மீ. லென்ஸ் இருந்தால் அந்தத் தொலைவே தாராளம். செல்ல நினைப்பவர்கள், விடியும்முன் புறப்படும் நேரத்தை முந்தைய நாளே படகோட்டியிடம் பேசி உறுதிசெய்துகொள்வது நல்லது.