அம்மாவின் கைக்கு அடியில் போன சீட் பெல்ட்

காரில் சீட் பெல்ட் போட்டால் மட்டும் போதாது, சரியாகப் போட வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா கொஞ்சம் குள்ளம். முன் சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று மேல் பட்டையைக் கைக்கு அடியில் விட்டுக்கொள்வார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போட்டிருக்கிறாரே, அது போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் முன்னால் போன லாரி சட்டென்று நின்றுவிட்டது. அப்பா பிரேக்கை அழுத்தி மிதித்தும் வண்டி போய் இடித்தது. பெரிய வேகம்கூட இல்லை. அப்பாவுக்குத் தோளில் ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான். அம்மாவுக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். ஆறு வாரம் தும்மல் வந்தாலே பயந்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

காயம் இருந்த இடத்தைப் பார்த்ததுமே டாக்டர், "பெல்ட்டைக் கைக்கு அடியில விட்டிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். தோளும் நெஞ்சும் இடுப்பு எலும்பும் பகிர்ந்து தாங்க வேண்டிய அடியை விலா மட்டும் வாங்கியிருக்கிறது. அதற்கு நேர் பின்னால்தான் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன என்றும் சொன்னார். 1959-ல் வோல்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய, தோளிலும் இடுப்பின் இரு பக்கமும் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட்டின் அடிப்படையே அடியை உடம்பின் உறுதியான எலும்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். ஒரு பட்டையை இடம் மாற்றினால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடுகிறது.

கதவை ஒட்டிய தூணில் பெல்ட் வளையத்தை மேலும் கீழும் நகர்த்த ஒரு பட்டன் இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லை! இரண்டு படி இறக்கியதும் பட்டை அம்மாவின் தோள் நடுவில் அழகாக உட்கார்ந்தது.

முன் பெல்ட் இரண்டையும் புதிதாக மாற்றினோம். பழையதே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்பா தயங்கினார். மெக்கானிக் பட்டையை முழுக்க வெளியே இழுத்துக் காட்டினார். வளையத்தில் உராய்ந்த இடத்தில் நூல் லேசாக உருகிப் பளபளத்தது. ஒரு தடவை அடி தாங்கிய பட்டை இழுபட்டுவிடும், அடுத்த தடவைக்கு அதை நம்பக் கூடாது என்றார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்.

பின் சீட்டு பெல்ட் ஒன்று உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் வளையத்தைத் துடைத்தேன், துணி கறுப்பாகிவிட்டது. பட்டையை வெளியே இழுத்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பு கலந்து துடைத்து, ராத்திரி முழுக்க நிழலில் காயவிட்டேன். ஈரத்தோடு உள்ளே விடக் கூடாது. பிளீச் பக்கமே போகாதீர்கள், நூலை அரித்துவிடும். மறுநாள் கையை விட்டதும் பட்டை சரசரவென்று உள்ளே போனது. தொய்வாகக் கிடக்கும் பெல்ட், இடிக்கும் நேரத்தில் நம்மை முன்னால் பாயவிட்டுப் பிறகுதான் பிடிக்கும்.

தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். அவள் காரில் ஏறினால் அம்மா முதலில் குனிந்து கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் இழுத்துவிடுகிறார். மேல் பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். அதன் பிறகுதான் அப்பா சாவியைத் திருப்பலாம்.