புதுப்பிப்பு: ‘டானி பாய்’ நாட்டுப்புறப் பாடல்தானா?

போன வாரம் இதே இழையில், ‘டானி பாய்’ என்பது மகனைப் போருக்கு அனுப்பும் ஐரிஷ் தாயின் பழம்பாட்டு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அப்படியில்லை என்று நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். தேடிப் பார்த்ததில் பாதி கவிழ்ந்துவிட்டது.

சொற்கள் ஃபிரெட் வெதர்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞருடையவை. 1910இல் வேறொரு மெட்டுக்காக எழுதியவர், 1912இல் சகோதரரின் மனைவி அமெரிக்காவிலிருந்து இந்த மெட்டை அனுப்பியதும் வரிகளைச் சற்றே தட்டிச் சரிசெய்து இதில் உட்காரவைத்தார். 1913இல் அச்சேறியது.

மெட்டு மட்டும் பழையது. அயர்லாந்தின் வடக்கே உள்ள லிமாவாடி ஊரின் ஜேன் ராஸ் குறித்துக் கொடுத்ததை, ஐரிஷ் இசையைச் சேகரித்த ஜார்ஜ் பெட்ரி 1855இல் தம் தொகுப்பில் வெளியிட்டார். அதில் மெட்டுக்குப் பெயர் இல்லை. அந்த அம்மையாருக்கு நன்றி இருக்கிறது, வாசித்தவர் யாரென்ற குறிப்பு இல்லை. (கண்பார்வையற்ற பிடில்காரர் ஒருவர் தெருவில் வாசித்தார் என்பது ஊர்க்கதை. எனக்குப் பிடித்த கதைதான், ஆதாரமாக ஏற்கத்தான் மனம் வரவில்லை.) ‘லண்டன்டெரி ஏர்’ என்ற பெயர் அவ்வூர் இருக்கும் லண்டன்டெரி மாவட்டத்தை வைத்துப் பின்னாளில் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தாய்? வரிகளை மறுபடி படித்தேன். குழலிசை பள்ளத்தாக்குதோறும் அழைக்கிறது, கோடை போய்விடுகிறது. தாயும் இல்லை, போரும் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்சேபித்த நண்பர் சொன்னதே சரி.