குழியாடி அசைவூட்டம் கைப்பேசியில் பாதியில் நின்றுவிடுகிறது: உதவி தேவை

காட்பாடி ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான இணையவழிப் பாடத்தில், குழியாடியின் முன் மெழுகுவர்த்தியை விரலால் நகர்த்தினால் பிம்பம் எங்கே விழும் என்று காட்டும் சிறிய அசைவூட்டம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிச் சேர்த்துள்ளேன். கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். அதில் மெழுகுவர்த்தி சற்று நகர்ந்ததும் நின்றுவிட, பக்கம் மேலும் கீழுமாக நழுவுகிறது. மவுஸை மட்டும் கவனிக்கும் மவுஸ் நிகழ்வுகளை, விரல் தொடுகையையும் கவனிக்கும் பாயிண்டர் நிகழ்வுகளாக மாற்றியும் பயனில்லை. தவிர, மெழுகுவர்த்தி குவியத்தை (இணைக்கதிர்கள் ஆடியில் பட்டு ஒன்றுசேரும் புள்ளியை) எட்டியதும் பிம்பம் மறைவதால், படம் கெட்டுவிட்டது என்று எண்ணி மூடிவிடுகிறார்கள்.

ராணிப்பேட்டை நிரலர்:
அம்மா, விரலின் அசைவைப் பக்க உருட்டல் என்று உலாவி எடுத்துக்கொள்ளும்போது தொடுகை ரத்தானதைச் சொல்லும் 'பாயிண்டர்கேன்சல்' நிகழ்வை அனுப்பிவிடும். அதன்பின் உங்கள் நிரலுக்கு எதுவும் வந்து சேராது. படம் வரையப்படும் பகுதியான கேன்வாஸுக்குரிய சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்ற விதிகளில்) 'டச்-ஆக்‌ஷன்' பண்புக்கு 'பேன்-ஒய்' (மேல்கீழ் உருட்டல் மட்டும் உலாவிக்கு) என்று மதிப்புக் கொடுங்கள். 'நன்' (உலாவிக்கு எதுவும் இல்லை) என்று கொடுக்கும்படி பலர் சொல்வார்கள், ஆனால் சிறிய திரையைக் கேன்வாஸ் அடைத்துக்கொண்டால் மாணவர் அடுத்த பத்திக்கு இறங்கவே வழியிராது. உங்கள் மெழுகுவர்த்தி முதன்மை அச்சில் இடவலமாக மட்டுமே நகர்வதால், மேல்கீழ் அசைவை உலாவிக்கே விட்டுவிடலாம்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
பிம்பம் மறைவது பிழையன்று, பாடத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. பொருளின் தொலைவும் குவியத் தொலைவும் சமமாகும்போது சூத்திரத்தின் வகுக்கும் எண் சுழியாகிவிடுவதால், நிரலுக்கு வரையப் புள்ளி கிடைப்பதில்லை. அந்த இடத்தில் எதிரொளித்த கதிர்களை இணையாக வரைந்து, 'பிம்பம் ஈறிலாத் தொலைவில்' என்று திரையில் எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியமானது, குவியத்துக்குச் சற்று முன்பே படத்தை நிறுத்தி, அடுத்து என்ன நேரும் என்று மாணவரைக் கணிக்கச் சொல்வதும், விடையைத் தொட்ட பிறகே மெழுகுவர்த்தியை மேலும் நகர விடுவதும் ஆகும். இல்லையேல் விரல்தான் வேலை செய்யும், மனம் செய்யாது.

இதையே திருப்பிப் போட்டால் நம் காவலூர் வானாய்வகத்துத் தொலைநோக்கி கிடைக்கும். 2019இல் அவ்வூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் நமக்கு இன்னும் பக்கத்து ஊர்தான். அங்கே 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியில் விண்மீனின் ஒளி இணைக்கதிர்களாக வந்து விழுந்து, ஏறக்குறைய 7.6 மீட்டர் தொலைவிலுள்ள குவியத்தில் சேர்கிறது. மெழுகுவர்த்திக்கு அடுத்த படமாக இதை வைக்கலாம்.

காட்பாடி ஆசிரியை:
ஐயா, நிறுத்திக் கேட்கும் யோசனையைச் சேர்க்கிறேன். 'பேன்-ஒய்' கொடுத்ததும் விரல் இழுப்பு சரியாகிவிட்டது. ஆனால் பழைய கைப்பேசிகளில் படம் திக்கித் திக்கி நகர்கிறது.

ராணிப்பேட்டை நிரலர்:
சுடரைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டத்தை அசைவூட்டத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் (தனிப்படத்திலும்) புதிதாக வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன், அது செலவு மிக்க வேலை. அதை ஒருமுறை படமாக வரைந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். மெழுகுவர்த்தி நகராதபோது எதையும் மறுபடி வரையாதீர்கள்.