தோற்கும் சீசனில் சியர் அணி: டெக்சஸ் சைட்லைன் அனுபவங்கள்

அக்டோபர் நடுவில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத பள்ளிக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை இரவு வந்தே தீரும். டெக்சஸில் ஹைஸ்கூல் ஃபுட்பால் (பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை 10 ஆட்டம். தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்று அதில் ஒன்றும் குறையாது. அந்த வெள்ளிக்கிழமைகளில், மைதான ஓரத்தில் (சைட்லைனில்) நின்று கோஷம் போட்டு உற்சாகப்படுத்தும் சியர் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் உருப்படியாகச் சொல்லித் தருவதில்லை.

முதலில் அணி ஏன் தோற்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ (மிகச் சிறியவை) முதல் 6ஏ (மிகப் பெரியவை) வரை, டெக்சஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிப் பிரிக்கிறது. ஒரு பிரிவின் அடியில் மாட்டிய பள்ளி, தன்னைவிடப் பெரிய பள்ளிகளோடு இரண்டு சீசன் மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஆள் பற்றாத இடத்தில் ஒரே லைன்மேன் (முன்வரிசையில் மோதுகிறவன்) அஃபென்ஸிலும் (பந்து நம்மிடம் இருக்கும்போது) ஆடுவான், டிஃபென்ஸிலும் (எதிரணியிடம் இருக்கும்போது) ஆடுவான். முதல் பாதி தாக்குப்பிடிப்பான், மூன்றாவது குவார்ட்டரில் கால் ஓய்ந்துவிடும். 7-14 என்று இருந்த ஸ்கோர் மளமளவென்று 7-35 ஆவது பெரும்பாலும் இப்படித்தான். இது புரிந்த அணி முதல் குவார்ட்டரிலேயே தொண்டையைத் தீர்த்துவிடாது.

அடிக்கடி நடக்கும் தவறு, பந்து யாரிடம் என்று பார்க்காமல் கத்துவது. பிள்ளைகள் கேலரியைப் பார்த்து நிற்பதால் மைதானம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஓரத்தில் ஒரு கேப்டன் பக்கவாட்டில் திரும்பி நின்று, பந்து யாரிடம் என்பதையும், டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் இது எத்தனையாவது) எண் காட்டும் கம்பத்தையும் கவனிக்க வேண்டும். அஃபென்ஸுக்கு ஒரு கைச்சைகை, டிஃபென்ஸுக்கு ஒன்று, ‘சத்தம் வேண்டாம்’ என்பதற்கு ஒன்று. மூன்று போதும்.

அந்த மூன்றாவது சைகைதான் முக்கியம். நம் அணிக்குத் தேர்ட் டவுன் (மூன்றாவது முயற்சி), இன்னும் 4 யார்டு வேண்டும் என்று வையுங்கள். கேலரி அலறினால் குவார்ட்டர்பேக் (நம் தாக்குதலை நடத்துகிறவன்) கொடுக்கும் குரல் லைன்மேன் காதில் விழாது. ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) முன்னால் ஒருவன் அசைந்துவிட்டால் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்ற தவறு, 5 யார்டு பின்னால். இப்போது 9 யார்டு வேண்டும். பலம் குறைந்த அணிக்கு அதோடு அந்த டிரைவ் (தொடர் முன்னேற்றம்) முடிந்தது. எதிரணி கையில் பந்து இருக்கும்போதுதான் மெகாஃபோனைத் தூக்க வேண்டும். ஒரு பிளேக்கும் அடுத்த பிளேக்கும் நடுவே 40 நொடிக் கடிகாரம் ஓடுகிறது. எட்டு எண்ணிக்கை கொண்ட கோஷம் மூன்று நான்கு சுற்று, அதற்குள் முடித்துவிட வேண்டும்.

28 புள்ளி பின்தங்கி, சொந்த 20 யார்டு கோட்டில் நிற்கும்போது ‘டச்டவுன்’ (பந்தை எதிர்முனைவரை கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) கேட்டுக் கத்தினால் விளையாடுகிற பையனுக்கே உள்ளுக்குள் வலிக்கும். ஃபர்ஸ்ட் டவுன் கேளுங்கள். 10 யார்டு கடந்தால் புதிதாக நான்கு முயற்சி. அது கிடைத்ததும் மொத்த வரிசையும் ஒரே கையை முன்னால் நீட்டினால் கேலரியும் நீட்டும். அந்த இரவில் கொண்டாட அதுதான் இருக்கிறது, அதை முழு மனதோடு கொண்டாடலாம்.

* * *

ஸ்டண்ட் (ஒரு பிள்ளையை மற்றவர்கள் மேலே தூக்கி நிறுத்துவது) பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கேலரி காலியாகக் காலியாக, கூட்டத்தைப் பிடித்து வைக்கப் பெரிய ஸ்டண்டாகப் போடலாம் என்று ஆசை வரும். வேண்டவே வேண்டாம். நாலாவது குவார்ட்டரில் பிள்ளைகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பார்கள். தோள் தளர்ந்திருக்கும், டர்ஃபில் பனி இறங்கி ஷூ அடிப்பாகம் ஈரமாக இருக்கும்.

ஒரு குழுவில் இரண்டு பேஸ் (அடியில் தாங்குகிறவர்கள்), ஒரு பேக் ஸ்பாட் (பின்னால் நின்று பிடிக்கிறவள்), மேலே ஃப்ளையர் (தூக்கப்படுகிறவள்). ஃப்ளையர் குனிந்து காலைப் பார்த்தால் இடுப்பு மடங்கும், எடை முன்னால் சாயும், பேஸ் இருவரும் அந்தக் காலைத் துரத்திக்கொண்டு நகர்வார்கள். ஸ்டண்ட் கவிழ்வது அங்கேதான். பார்வை கேலரியின் கடைசி வரிசையில் இருக்கட்டும். பேக் ஸ்பாட் கணுக்காலைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தபடியே இருக்க வேண்டும், வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால் போதாது. கிரேடிலில் (கீழே நிற்பவர்கள் கைகளில் தொட்டில்போல) இறங்கும்போது அக்குளுக்கடியில் ஏந்துவதும் அவள்தான். தலையும் கழுத்தும் அவள் பொறுப்பு.

ஒரு பேஸுக்குக் கணுக்கால் சுளுக்கு என்றால் பழகாத பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். எக்ஸ்டென்ஷனை (கையை முழுக்க நீட்டித் தலைக்கு மேல் தூக்குவது) விட்டுவிட்டுத் தோள் மட்டத்தோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் தொடையில் நிற்கும் ஸ்டண்ட் போதும். பிரமிட் இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டக் கூடாது. தார்த் தளத்தில் பாஸ்கெட் டாஸ் (ஃப்ளையரை மேலே எறிந்து பிடிப்பது) கூடவே கூடாது.

இன்னொன்று, ஆட்டம் ஓடும்போது யாரையும் மேலே ஏற்றாதீர்கள். நால்வரில் யாரும் மைதானத்தைப் பார்ப்பதில்லை. பந்தோடு ஓடி வருகிறவன் சைட்லைனைத் தாண்டி நேராக உள்ளே வந்து விழுவான். டைம்-அவுட், குவார்ட்டர் இடைவெளி, இவைதான் ஸ்டண்ட் நேரம். அப்போதும் ஐந்தாவது ஆள் ஒருவர் மைதானத்தைப் பார்த்து நின்று, தேவையானால் ‘டவுன்’ (கீழே இறக்கு) என்று குரல் கொடுக்க வேண்டும்.

* * *

ஆட்டக்காரர்கள் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வரும் பேனர்: 36 இஞ்ச் அகல புட்சர் பேப்பரை (தடித்த சுருள் காகிதம்) மூன்று நான்கு துண்டாக வெட்டி, 2 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பின்பக்கம் பேக்கிங் டேப் ஒட்டுவார்கள். அந்த டேப் நடுக்கோட்டைக் குறுக்கே தாண்டினால் போச்சு. பேப்பர் கிழியும், டேப் கிழியாது, முதலில் ஓடி வருகிறவன் அதில் சிக்கி விழுவான், பின்னால் வருகிற நாற்பது பேர் அவன்மேல். நடுவில் அடியிலிருந்து மேல்வரை கத்தியால் கீறி, மறுபடி சின்னச் சின்ன மாஸ்கிங் டேப்பால் லேசாக ஒட்டுங்கள். பெயின்ட் தடிமனாக அடித்தால் சாயங்காலத்துக்குள் காயாது, ஜெர்சியில் அப்பிக்கொள்ளும்.

எழுதுவது என்ன? எதிரணியை ‘நசுக்குவோம்’ என்று 0-8 (எட்டு ஆட்டமும் தோற்ற) அணியின் பேனரில் எழுதினால் அந்தப் பையன்கள் அதைக் கிழித்துக்கொண்டு ஓடவே கூசுவார்கள். கடைசி ஆண்டு மாணவர்களின் ஜெர்சி எண்களை எழுதுங்கள். (பேனர் வாசகம் சாதாரண விஷயமும் இல்லை. டெக்சஸில் கூன்ட்ஸ் (Kountze) என்ற சிற்றூரில் சியர் பிள்ளைகள் பேனரில் பைபிள் வசனம் எழுதக் கூடாது என்று தடை வந்ததால் 2012-இல் தொடங்கிய வழக்கு 2018 வரை போனது.)

* * *

சியர்லீடிங் பிறந்ததே தோற்ற சீசனில்தான். 1898-இல் மினசோட்டா பல்கலைக்கழக அணி அடுத்தடுத்துத் தோற்ற பிறகு, ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கோஷத்தை நடத்தினார். தோல்வியில் சியர் எதற்கு என்று கேட்கிற பெற்றோர்களுக்கு இதைச் சொல்லலாம்.

கடைசி நிமிடங்களுக்குச் சில வார்த்தை. எந்த அணியின் ஆட்டக்காரன் அடிபட்டு விழுந்தாலும் உடனே கோஷத்தை நிறுத்தி, ஒரு முழங்காலை ஊன்றி அமருங்கள். அவன் எழுந்தால் கைதட்டல், வேறு சத்தம் வேண்டாம். ஸ்கோர் 0-42 ஆக இருந்தாலும் விசில் ஊதும்முன் பாம்பாமை (கையில் பிடித்து ஆட்டும் இழைக் குஞ்சம்) பையில் போடாதீர்கள், பெஞ்சில் இருக்கும் பையன்கள் அதைப் பார்ப்பார்கள். பள்ளிப் பாட்டு முடியும்வரை அவர்களோடு கேலரியைப் பார்த்து நில்லுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்த ஈரப் பாம்பாமை உதறித் தலைகீழாகக் கொடியில் தொங்கவிடுங்கள். பையிலேயே கிடந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாதிப் பருமன்கூட விரியாது.