வென்டிலேட்டரோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்த நான்கு நிமிடங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி வருகிறேன். நான் சேர்ந்த புதிதில், சுவாசக் குழாயை எடுக்கும் வரை நோயாளியை எழுப்பி உட்கார வைக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவில் எழுதப்படாத வழக்கமாக இருந்தது. மயக்க மருந்தில் கிடப்பவரின் கை கால்களை மடக்கி நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். நுரையீரல் தேறிக் குழாயை எடுத்த பின்பும் கரண்டியைப் பிடிக்க வலுவில்லாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறத்தாழ 18 சதவீதம் மெலிந்துவிடுவதை 2013 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியதைப் படித்தபோது, அந்த அழுகைக்கான காரணம் எனக்குப் புரிந்தது.

கடுமையான நிமோனியாவால் வந்த 61 வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் வைத்து ஐந்தாம் நாள் காலை, அவருக்கு மயக்க மருந்தை நிறுத்தினோம். கண் திறந்தார், ஆனால் "ஐயா, என் விரலைப் பிடிங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் அசைவே இல்லை. மயக்கம் இன்னும் தெளியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வை நேரத்தில் வந்த அவருடைய மனைவி தயங்கியபடி சொன்னார்: "அவருக்குக் காதுல மிஷின் போட்டாத்தான் கேட்கும். சேர்த்த அன்னைக்குக் கழற்றி என் பையிலதான் வெச்சிருக்கேன்." அதை மாட்டிவிட்டு அதே சொற்களை மறுபடி சொன்னதும் என் விரலை இறுகப் பிடித்தார். அன்று முதல், கண்ணாடி உண்டா, காது கேட்கும் கருவி உண்டா என்று வீட்டாரிடம் கேட்காமல் நான் எந்த நோயாளியையும் மதிப்பிடுவதில்லை.

ஆக்சிஜன் தேவை குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் சரியாமல் தாங்கும் மருந்தும் சிறிய அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் சம்மதித்ததும், சளியை உறிஞ்சி எடுத்து, வென்டிலேட்டர் குழல்களைத் தளர்த்தி விட்டோம். செவிலியர் தலைமாட்டில் நின்று வாயிலிருந்த குழாயை விரல்களால் பிடித்துக்கொண்டார். அந்த வேலையை விட்டு அவர் வேறெதற்கும் கையை எடுக்கக் கூடாது. பெரியவரைக் கட்டில் விளிம்புக்குத் திருப்பி, அவர் முழங்கால்களை என் முழங்கால்களால் அணைத்துக்கொண்டேன். தலை நிற்காமல் நெஞ்சின்மேல் சாய்ந்தது. பாதங்கள் தரையைத் தொட்டதும், கட்டைவிரல் மெல்ல மேலெழுந்து கீழே அழுந்தியது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 96 இலிருந்து 91 க்கு இறங்கி அங்கேயே நின்றது. 90 க்குக் கீழே போனால் படுக்க வைத்துவிடுவதாக முன்பே முடிவு செய்திருந்தோம். நான்காவது நிமிடத்தில் அவர் தலையைத் தாமாகவே தூக்கி மனைவியைப் பார்த்தார்.

2009 இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 104 பேரில் தொடக்கத்திலேயே உடற்பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் பிறர் உதவியின்றி இயங்கும் நிலையில் மருத்துவமனையை விட்டுச் சென்றனர். மற்றவர்களில் அது 35 சதவீதம். இதைப் படித்த உற்சாகத்தில் நான் தவறும் செய்திருக்கிறேன். வேறொரு நோயாளியை அவர் களைத்த பின்பும் நிற்க வைக்க முயன்று, இரத்த அழுத்தம் சரிந்து, எல்லோரும் ஓடி வரும்படி ஆயிற்று. 2022 இல் வெளியான, 750 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்விலும் இதே எச்சரிக்கை இருக்கிறது: நாளொன்றுக்குச் சுமார் 9 நிமிடப் பயிற்சியை 21 நிமிடமாகக் கூட்டியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, பாதகமான நிகழ்வுகளே அதிகரித்தன. இதைக் காட்டி நோயாளியைப் படுக்கையிலேயே விட்டுவிடலாம் என்று சிலர் வாதிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 9 நிமிடப் பயிற்சி பெற்ற அந்த ஒப்பீட்டுக் குழுவினரும் அசையாமல் கிடந்தவர்கள் அல்லர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் பிரிவில் இப்போது மயக்க மருந்தை நிறுத்தும் நேரத்தைச் செவிலியர் முந்தைய நாளே எனக்குச் சொல்லிவிடுகிறார். அந்தப் பெரியவருக்கு ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம். பொது வார்டுக்கு மாற்றிய அன்று, ஒரு கையால் வாக்கரையும் மறு கையால் மனைவியின் தோளையும் பிடித்தபடி வாசல் வரை நடந்தார்.