எம்.ஏ. பாடத்திலிருந்து ஒரு நூலை நீக்க ஒரு புகார் போதுமா?

பாலக்கோடு பாரி:
2020 நவம்பரில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் நடந்ததைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூலை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியது. 2017 முதல் நடத்திவந்த பாடம். ஏபிவிபி மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் எடுத்துவிட்டார்கள். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மகாசுவேதா தேவி, பாமா, சுகிர்தராணி மூவரின் எழுத்துகளும் ஆங்கிலப் பாடத்திலிருந்து போயின. இது தர்மபுரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

தளி வாசகர்:
பாரி சார், நம்ம ஊரை வைத்தே பேசுவோம். 2002இல் ஊத்தங்கரையில் நக்சலைட்டுகள் மீது என்கவுன்ட்டர், பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதுகள். கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட ஆகாத காலம். அந்தப் பக்கத்துப் பெற்றோர் இந்த நூலைப் பாடத்தில் பார்த்தால் பதறத்தான் செய்வார்கள். பதிலுக்கு வைத்ததும் குப்பை இல்லை, மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள். ராகிக் கொல்லையில் யானை இறங்கும் தேன்கனிக்கோட்டைப் பிள்ளைக்கு அவர்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

பாலக்கோடு பாரி:
கிருஷ்ணனை நானும் விரும்பிப் படிப்பவன்தான். 2017லேயே சேர்த்திருக்கலாமே, யார் தடுத்தது? காலி இடத்தை அடைக்க அவரைக் கூப்பிட்டது அவருக்கே அவமரியாதை. ஊத்தங்கரைக்காரப் பிள்ளைதான் ராயை வகுப்பில் வைத்துக் கிழிக்கணும். ‘அவங்க விருந்தாளியா போனவர், அவங்க செஞ்ச கொலையை எப்படி எழுதியிருக்கார்?’ என்று ஒரு மாணவி கேட்டால் அதுதான் இலக்கிய வகுப்பு. நூலைத் தூக்கிவிட்டால் அந்தக் கேள்வியும் சேர்ந்து போச்சு.

தளி வாசகர்:
கேட்க விடுவாங்களா? இன்டர்னல் 25 மார்க் வாத்தியார் கையில. அவருக்குப் பிடிக்காததை எழுதிப் பார்க்கச் சொல்லுங்க. 2017இல் அந்த நூலைச் சேர்த்ததும் ஒரு குழுதானே? சேர்த்தால் கல்வி, எடுத்தால் அரசியலா?

கௌரவ விரிவுரையாளர் (பெயர் வேண்டாம்):
ரெண்டு பேரும் வாத்தியாரைப் பெரிய ஆளாக நினைக்கிறீர்கள். எனக்கு வருஷத்தில் 11 மாசச் சம்பளம். அடுத்த வருஷம் வேலை உண்டா என்று ஜூனில்தான் தெரியும். டெல்லியில் கல்விக் குழு உறுப்பினர்கள் எதிர்ப்பை எழுதியே கொடுத்தார்கள். நான் எழுதுவேனா? வில்லங்கமான பாடம் வந்தால் ‘நோட்ஸ் பார்த்துக்குங்க’ என்று தாண்டிவிடுவேன். என் வகுப்பில் எதையும் யாரும் நீக்க வேண்டியதே இல்லை.

தளி வாசகர்:
மேடம், உங்க வேலை நிரந்தரத்துக்கு மனு போட்டால் முதல் கையெழுத்து என்னுது. ராய்க்குப் போட மாட்டேன்.

பாலக்கோடு பாரி:
நான் எழுதினால் ரெண்டும் ஒரே மனுவில்தான் இருக்கும் சார்.